லேயர்கள் நேராக நிற்கவில்லையா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

ஃபோட்டோஷாப் மாதிரியான படம் திருத்தும் மென்பொருளில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாள்கள் போன்ற லேயர்களில் இரண்டைச் செலக்ட் செய்து, நடுவில் வைக்கும் பட்டனை அழுத்துகிறோம். லேயர் நகர்கிறது. ஆனாலும் லோகோ கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிற்பது போலவே இருக்கிறது. இன்னொரு முறை அழுத்தினால் எதுவும் அசையவில்லை. மென்பொருளைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது. நம் கண்ணுக்குத்தான் இன்னும் முடியவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் அம்புக்குறி விசையை நாலு தட்டு தட்டி, கண்ணுக்குச் சரியாகப் படும்வரை நகர்த்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் முதலில் செய்யாதீர்கள். காரணம் தெரியாமல் நகர்த்திய லேயர், அளவை மாற்றும்போதோ எக்ஸ்போர்ட் செய்யும்போதோ மறுபடி விலகும். அப்போது எது நீங்கள் நகர்த்தியது, எது தானாக விலகியது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த லேயரின் விளிம்பு என்று மென்பொருள் எதை எடுத்துக்கொள்கிறது? நாம் பார்ப்பது படத்தை. மென்பொருள் பார்ப்பது படத்தைச் சுற்றியிருக்கும் ஒரு செவ்வகத்தை. அந்தச் செவ்வகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிக்கு மேற்பட்ட சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும். கீழே பெரும்பாலும் ஃபோட்டோஷாப், கிம்ப், அஃபினிட்டி ஆகிய மூன்றையும் வைத்தே சொல்கிறேன். மற்ற மென்பொருள்களிலும் மெனுப் பெயர்தான் மாறும், கணக்கு ஒன்றுதான். மேக் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோல் என்று வரும் இடங்களில் கமாண்ட் என்றும், ஆல்ட் என்று வரும் இடங்களில் ஆப்ஷன் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

1. உண்மையிலேயே விலகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

33.3 சதவீதம், 66.7 சதவீதம் மாதிரியான ஜூமில் திரையில் தெரிவது சுருக்கிக் காட்டிய படம்தான். பல பிக்சல்களை ஒன்றாக்கிக் காட்டும்போது, ஒட்டியிருக்கும் இரண்டு லேயருக்கு நடுவில் இல்லாத கோடு தெரியலாம். இருக்கிற கோடு மறையவும் செய்யலாம். 100 சதவீதத்துக்கு வந்து பாருங்கள். அப்புறம் 200, 400 என்று போங்கள். ஃபோட்டோஷாப்பில் 500 சதவீதத்தைத் தாண்டினால் பிக்சல் கட்டங்களே கோடு போட்டுத் தெரியும். விளிம்பு கட்டத்தின் கோட்டில் நிற்கிறதா, கட்டத்துக்கு நடுவில் நிற்கிறதா என்று அங்கே சந்தேகமில்லாமல் பார்த்துவிடலாம்.

ஒரே படத்தின் இரண்டு பதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தால் கண்ணை நம்பவே வேண்டாம். மேல் லேயரின் பிளெண்ட் மோடை, அதாவது அது கீழ் லேயரோடு கலக்கும் விதத்தை, டிஃபரன்ஸ் என்று மாற்றுங்கள். இரண்டும் அச்சாகப் பொருந்தினால் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும், ஏனென்றால் ஒரே மதிப்பிலிருந்து அதே மதிப்பைக் கழித்தால் பூஜ்யம். ஒரு பிக்சல் விலகியிருந்தாலும் விளிம்புகள் பளிச்சென்று கோடாகத் தெரியும். அந்தக் கோடு செங்குத்தான விளிம்புகளில் தெரிகிறதா, கிடையான விளிம்புகளில் தெரிகிறதா என்று பார்த்தாலே விலகல் பக்கவாட்டிலா, மேல்கீழாகவா என்றும் தெரிந்துவிடும். மங்கலாகத் தெரிந்தால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லெவல்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு, வெள்ளைக் கைப்பிடியை இடப்பக்கம் இழுங்கள். ஒளிந்திருக்கும் வித்தியாசமெல்லாம் வெளியே வந்துவிடும். இத்தனை வருடத்தில் அலைன்மென்ட் (லேயர்களை ஒழுங்காகப் பொருத்தும்) வேலைக்கு எனக்கு இதைவிட நம்பகமான சோதனை அமையவில்லை.

2. மென்பொருள் பார்க்கும் விளிம்பைக் கண்டுபிடியுங்கள்

இங்கேதான் விஷயம் அதிகம், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஃபோட்டோஷாப்பில் அலைன் பட்டன்கள் 50 சதவீதத்துக்கு மேல் ஓபாசிட்டி (ஒளி ஊடுருவாத தன்மை) உள்ள பிக்சல்களை மட்டுமே கணக்கில் எடுக்கின்றன. மேல் விளிம்புக்கு அலைன் செய்யச் சொன்னால், அந்த அளவைத் தாண்டிய பிக்சல்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ அதையே விளிம்பாகக் கொள்ளும். ஆனால் கன்ட்ரோல் டி (ஆங்கில T) அழுத்தி வரவழைக்கும் ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம் பெட்டி அப்படியில்லை. அது மிக மங்கலான பிக்சலையும் சேர்த்தே அளக்கும். ஆக, ஒரே லேயருக்கு ஒரே மென்பொருளுக்குள் இரண்டு விதமான விளிம்புகள்.

ஓர் உதாரணம். ஒரு பந்தைச் சுற்றி மென்மையான நிழலை பிரஷ்ஷால் வரைந்திருக்கிறீர்கள், இரண்டும் ஒரே லேயரில். நிழல் வலப்பக்கம் 80 பிக்சல் வரை மங்கிக்கொண்டே போகிறது. டிரான்ஸ்ஃபார்ம் பெட்டியின் நடுப்புள்ளியைக் கைடில் (பக்கத்தின் நடுவில் போட்ட வழிகாட்டிக் கோட்டில்) ஒட்டவைத்தால், பெட்டி நிழலின் கடைசி நுனிவரை அளப்பதால் பந்து இடப்பக்கம் தள்ளிப் போய்விடும். அலைன் பட்டனை அழுத்தினாலோ மங்கலான பகுதி கணக்கிலிருந்து விழுந்துவிடும், பந்து கிட்டத்தட்ட நடுவுக்கு வந்துவிடும். ஒரு நாள் பெட்டியைப் பிடித்தும் இன்னொரு நாள் பட்டனை அழுத்தியும் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவது இதனால்தான். ஒரு வேலைக்குள் ஏதாவது ஒரு வழியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

மங்கலான பிக்சல்கள் மட்டுமே உள்ள லேயர், உதாரணமாக லேசான புகை, அலைன் பட்டனின் பேச்சைக் கேட்காது. அதற்கு கன்ட்ரோல் டி போட்டு, மேலே உள்ள எக்ஸ், ஒய் பெட்டிகளில் எண்ணைத் தட்டி நகர்த்துவதே வழி.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பின்னணியை அழித்து வெட்டிய படத்தில், மூலையில் எங்கோ அழிபடாத ஒரு புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளைப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. ஆனால் அலைன் பட்டனுக்கு அதுதான் லேயரின் விளிம்பு. கண்டுபிடிக்க இரண்டு வழிகள்: லேயர் பேனலில் உள்ள சிறு படத்தை கன்ட்ரோல் அழுத்திக்கொண்டு க்ளிக் செய்யுங்கள், செலக்ஷனைக் காட்டும் ஓடும் கோடு எங்கெல்லாம் சுற்றி வருகிறது என்று பாருங்கள். இந்தக் கோடும் 50 சதவீதத்துக்கு மேல் உள்ளதைத்தான் சுற்றும் என்பதால் அலைன் பட்டன் பார்ப்பதையே நீங்களும் பார்க்கிறீர்கள். இல்லையென்றால் அந்த லேயருக்குத் தற்காலிகமாகப் பளிச்சென்ற சிவப்பில் ஒரு ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) கொடுங்கள். ஒளிந்திருக்கும் புள்ளிகளைச் சுற்றிச் சிவப்பு வளையம் வந்துவிடும். அப்புறம் வேண்டிய உருவத்தை மட்டும் லாசோவால் சுற்றி, செலக்ஷனைத் தலைகீழாக்கி, டெலிட் அழுத்தினால் போதும்.

லேயர் ஸ்டைலாகச் சேர்த்த டிராப் ஷேடோ, ஸ்ட்ரோக் இவையெல்லாம் அலைன் கணக்கில் வரவே வராது. 10 பிக்சல் வெளி ஸ்ட்ரோக் போட்ட ஒரு பெட்டியைக் கேன்வாஸின் (படம் அமையும் முழுப் பரப்பின்) இட விளிம்புக்கு அலைன் செய்தால், அந்த 10 பிக்சலும் கேன்வாஸுக்கு வெளியே போய்விடும். ஸ்ட்ரோக்கை உட்புறமாக மாற்றுவது எளிய தீர்வு. ஒரு லேயரை இன்னொன்றின் வடிவத்துக்குள் மட்டும் தெரியவைக்கும் கிளிப்பிங் மாஸ்க்கிலும் கவனம் வேண்டும். வட்டத்துக்குள் கிளிப் செய்த படம் வட்டத்தைவிடப் பெரிதாக இருந்தால், வெளியே மறைந்திருக்கும் பகுதியும் அந்தப் படத்தின் அளவில் சேரும். படத்தைத் தனியாக அலைன் செய்யாமல், வட்டத்தையும் படத்தையும் சேர்த்துப் பிடித்து நகர்த்துங்கள்.

கிம்ப் இதை வேறு விதமாகப் பார்க்கிறது. அங்கே ஒவ்வொரு லேயருக்கும் தனியாக ஓர் எல்லை உண்டு; மஞ்சளும் கறுப்புமாக விட்டுவிட்டுத் தெரியும் கோடுதான் அது. 2.10 பதிப்பில் அலைன் டூல் அந்த எல்லையை மட்டுமே பார்க்கும். உள்ளே படம் எந்த மூலையில் இருந்தாலும் கவலைப்படாது. முழுக் கேன்வாஸ் அளவுக்குப் புது லேயர் உருவாக்கி அதன் மூலையில் ஒரு சின்ன ஐகான் வரைந்தால், நடுவுக்கு அலைன் செய்யும்போது எதுவுமே நகராது. ஏற்கெனவே லேயரின் எல்லை நடுவில்தான் இருக்கிறது! கிம்ப் பழுதாகிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்ளும் இடம் இது. லேயர் மெனுவில் ‘க்ராப் டு கன்டென்ட்’ கொடுத்தால் எல்லை படத்தை ஒட்டிச் சுருங்கும். அதற்கப்புறம் அலைன் செய்யுங்கள். 2025 மார்ச்சில் வெளிவந்த 3.0 பதிப்பில் லேயரின் உள்ளடக்கத்தை மட்டும் அளக்கச் சொல்லும் ஒரு தேர்வு அலைன் டூலிலேயே இருக்கிறது. அதை டிக் செய்துவிட்டால் ஒவ்வொரு முறையும் க்ராப் செய்ய வேண்டாம்.

3. எதற்கு எதிராக அலைன் ஆகிறது?

ஃபோட்டோஷாப்பில் மூவ் டூலின் மேல்பட்டையில் மூன்று புள்ளி ஐகானைத் திறந்தால் ‘அலைன் டு’ என்ற பெட்டி இருக்கும். அதில் செலக்ஷன், கேன்வாஸ் என்று தேர்வுகள். செலக்ஷன் என்று இருந்தால் தேர்ந்தெடுத்த லேயர்கள் தங்களுக்குள் ஒழுங்காகும். இடப்பக்கம் அலைன் செய்யச் சொன்னால் எது மிக இடப்பக்கம் இருக்கிறதோ அதை நோக்கி மற்றவை போகும். கேன்வாஸ் என்று இருந்தால் எல்லாமே பக்கத்தின் விளிம்பை நோக்கி ஓடும். இந்தத் தேர்வு போன முறை வைத்தபடியே நிற்கும். நேற்று கேன்வாஸ் என்று மாற்றியதை மறந்துவிட்டு இன்று பட்டனை அழுத்தினால் ஐகான்கள் எல்லாம் மூலைக்கு ஓடிவிடும்.

ஒரு லேயர் அசையாமல் நிற்க வேண்டும், மற்றவை அதனிடம் வர வேண்டும் என்றால், எல்லாவற்றையும் லிங்க் செய்துவிட்டு, நிற்க வேண்டிய லேயரை மட்டும் தேர்ந்தெடுத்து அலைன் கொடுங்கள்.

ஏதாவது செலக்ஷன் திறந்தே கிடந்தால் அலைன் அந்த ஓடும் கோட்டுக்கு எதிராக நடக்கும். நன்றாக ஜூம் செய்து வேலை பார்க்கும்போது அந்தக் கோடு திரைக்கு வெளியே இருந்துவிடும், நமக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் செலக்ட் மெனுவுக்குப் போய் ‘டிசெலக்ட்’ கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

பட்டன்கள் மங்கிப்போய் அழுத்தவே முடியவில்லையா? ஒரே ஒரு லேயர்தான் செலக்ட் ஆகியிருக்கும். சம இடைவெளி விடும் டிஸ்ட்ரிப்யூட் பட்டன்களுக்குக் குறைந்தது மூன்று லேயர் வேண்டும்.

4. நகர்வது நீங்கள் நினைத்த லேயர்தானா?

பூட்டுப் போட்ட லேயர் நகராது. பேக்ரவுண்ட் லேயரும் அப்படித்தான். அதன் மேல் இருமுறை க்ளிக் செய்து சாதாரண லேயராக்க வேண்டும். மூவ் டூலில் ஆட்டோ-செலக்ட் டிக் ஆகியிருந்தால், நீங்கள் பேனலில் தேர்ந்தெடுத்ததை விட்டுவிட்டு மவுஸ் பட்ட லேயர் நகரும். அது குரூப் என்று இருந்தால் முழுக் குரூப்பும் கிளம்பும். நான் அதை எப்போதும் அணைத்தே வைத்திருக்கிறேன். தேவைப்படும்போது கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு க்ளிக் செய்தால் அந்த ஒரு முறைக்கு அது வேலை செய்யும். கிம்ப் 2.10-இல் இதற்கு இணையானது மூவ் டூலில் இருக்கும் ‘மூவ் தி ஆக்டிவ் லேயர்’ என்ற தேர்வு.

லேயரின் ஒரு பகுதியை மறைக்கும் மாஸ்க் விலகுவது இன்னொரு பொதுவான கோளாறு. லேயரின் சிறு படத்துக்கும் மாஸ்க்கின் சிறு படத்துக்கும் நடுவில் ஒரு சங்கிலி ஐகான் இருக்கும். அது இல்லையென்றால் இரண்டும் தனித்தனியாக நகரும்: படம் போய்விடும், மாஸ்க் பழைய இடத்திலேயே நிற்கும், உருவத்தின் ஒரு பக்கம் வெட்டுப்படும், மறுபக்கம் பழைய பின்னணி எட்டிப்பார்க்கும். இப்படி ஆகிவிட்டால் கையால் மாஸ்க்கை இழுத்துப் பொருத்த முயலாதீர்கள். ஹிஸ்டரி பேனலில் பின்னால் போய், சங்கிலியைப் போட்டுவிட்டு, மறுபடி நகர்த்துங்கள். முடியை ஒட்டி நுணுக்கமாகப் போட்ட மாஸ்க்கைக் கையால் பழைய இடத்தில் பொருத்துவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

இழுக்கும்போது லேயர் வேண்டாத இடத்தில் போய் ஒட்டிக்கொண்டால் ஸ்நாப்தான் காரணம். வியூ மெனுவில் ‘ஸ்நாப் டு’ பட்டியலைத் திறந்து கைட், கிரிட், லேயர், டாக்குமென்ட் விளிம்பு இவற்றில் தேவையானதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிரிட் காட்சியில் மறைந்திருந்தாலும் வேறு கைடுகள் ஒட்டவைக்கக்கூடும் என்பதால் பட்டியலையே பார்த்துவிடுவது நல்லது.

5. அரை பிக்சல் என்னும் வில்லன்

1000 பிக்சல் அகலக் கேன்வாஸில் 333 பிக்சல் அகலமுள்ள ஒரு பெட்டியை நடுவில் வையுங்கள். மீதி 667. இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்தால் 333.5. அரை பிக்சல் என்று திரையில் எதுவும் கிடையாது. ஆகவே ஒன்று, மென்பொருள் ஒரு பக்கம் தள்ளி முழு எண்ணில் வைக்கும். இல்லையென்றால் விளிம்பைக் கட்டத்தின் நடுவிலேயே வைத்து, அந்தக் கட்டத்தைப் பாதி நிறத்தில் பூசும். முதலாவதில் ஒரு பிக்சல் விலகல். இரண்டாவதில் கூர்மையான கோடு மங்கலாகிவிடும்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டுகள் ஒட்டும்போது இது இன்னும் மோசம். முன்பு ஒரு நீளமான பேனரை மூன்று வடிவங்களாகப் பிரித்து வைத்திருந்தேன், எல்லாம் ஒரே நீலம். எக்ஸ்போர்ட் செய்த பிஎன்ஜியில் ஒட்டும் இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெளிர்க்கோடு. வண்ணத்தில் ஏதோ தவறு என்று ஒரு மாலை முழுக்க வண்ண அமைப்புகளையே நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் ஒரு துண்டு 640.5-இல் முடிகிறது, அடுத்தது அதே 640.5-இல் தொடங்குகிறது. கணக்குப்படி இடைவெளியே இல்லை. ஆனால் அந்த ஒரு பிக்சல் வரிசையில் முதல் துண்டு பாதியை மூடுகிறது. அடுத்த துண்டு மீதியில் பாதியைத்தான் மூடுகிறது. மொத்தம் 75 சதவீதம். மிச்சமிருக்கும் கால் பங்கு வழியே பின்னணி வெள்ளை கசிகிறது. 640.5-ஐ 640 என்று மாற்றியதும் கோடு போய்விட்டது.

சரிசெய்யும் முறை: வெக்டர் வடிவமாக (பிக்சலால் அல்லாமல் கணக்கால் வரையப்படுவதாக) இருந்தால் ப்ராப்பர்ட்டீஸ் பேனலில் எக்ஸ், ஒய், அகலம், உயரம் நாலையும் முழு எண்ணாக்குங்கள். ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக (மூலப் படத்தைக் கெடாமல் உள்ளே வைத்திருக்கும் லேயராக) இருந்தால் கன்ட்ரோல் டி அழுத்தி, மேல்பட்டையில் குறிப்புப் புள்ளியை மேல் இட மூலைக்கு மாற்றி, அப்புறம் எக்ஸ், ஒய் பாருங்கள். இந்த மாற்றம் முக்கியம். குறிப்புப் புள்ளி நடுவில் இருந்தால் ஒற்றைப்படை அகலமுள்ள லேயருக்கு .5 வருவதுதான் சரி. அதைத் திருத்தப் போய் நன்றாக இருந்ததைக் கெடுத்துவிடுவோம். புதிய பதிப்புகளில் குறிப்புப் புள்ளி மறைந்திருக்கும், அதன் ஐகானுக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியை டிக் செய்தால் தெரியும்.

ப்ரிஃபரன்ஸில் டூல்ஸ் பகுதியில், வெக்டர் டூல்களையும் டிரான்ஸ்ஃபார்மையும் பிக்சல் கட்டத்துக்கு ஒட்டவைக்கும் ஒரு தேர்வு உண்டு. திரைக்கான வேலை செய்பவர்கள் அதைப் போட்டே வைத்திருக்கலாம். இன்னொரு பழக்கமும் உதவும்: கேன்வாஸ் இரட்டைப்படை என்றால் நடுவில் வரும் பொருளையும் இரட்டைப்படை அகலத்திலேயே செய்யுங்கள். 333-க்குப் பதில் 334 என்றால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை.

அஃபினிட்டியில் தனியாக ஒரு பொறி இருக்கிறது. ‘ஃபோர்ஸ் பிக்சல் அலைன்மென்ட்’, ‘மூவ் பை ஹோல் பிக்சல்ஸ்’ என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டன்கள். இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டாவது, பெயரில் சொல்கிறபடி முழு பிக்சலாக மட்டுமே நகர்த்தும். ஏற்கெனவே 10.3-இல் நிற்கும் பொருள் 11.3, 12.3 என்றுதான் போகும், அந்த .3 ஒட்டிக்கொண்டே வரும். முதலாவதை மட்டும் போட்டு இரண்டாவதை அணைத்துவிடுங்கள். கூடவே, ப்ரிஃபரன்ஸில் பிக்சலுக்குத் தசம இடங்களைக் கூட்டி வையுங்கள். இல்லையென்றால் 10.3 என்பதை டிரான்ஸ்ஃபார்ம் பேனல் 10 என்றே காட்டி ஏமாற்றும்.

ஒரு எச்சரிக்கை: சாதாரணப் பிக்சல் லேயரைத் திரும்பத் திரும்பச் சுழற்றி, சுருக்கி, பெரிதாக்கினால் ஒவ்வொரு முறையும் பிக்சல்கள் புதிதாகக் கணக்கிடப்பட்டு விளிம்பு மழுங்கும். பின்பு எதை வைத்து அலைன் செய்வது? முதலிலேயே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிக்கொண்டு டிரான்ஸ்ஃபார்ம் செய்யுங்கள்.

6. எழுத்து லேயர்கள்

‘முகப்பு’, ‘படங்கள்’, ‘தொடர்பு’ என்று மூன்று பட்டன். ஒவ்வொன்றையும் அதன் பெட்டிக்கு நடுவில் அலைன் செய்தால் மூன்றும் ஒரே வரியில் நிற்காது. ‘முகப்பு’வில் மு, பு இரண்டின் வாலும் கீழே இறங்குகிறது. ‘படங்கள்’ என்பதில் மேலே புள்ளிதான் உண்டு, கீழே இறங்கும் வால் எதுவும் இல்லை. மென்பொருள் எழுத்தின் உச்சியையும் அடியையும் அளந்து நடுவைக் கண்டுபிடிப்பதால், வால் உள்ள சொல் மேலே ஏறிவிடும், வால் இல்லாதது கீழே இறங்கிவிடும். தமிழில் கொம்பும் வாலும் புள்ளியும் அதிகம் என்பதால் இது அடிக்கடி கண்ணில் படும்.

எழுத்துகளுக்கு அலைன் பட்டனைச் செங்குத்தாகப் பயன்படுத்தாதீர்கள். ஒரே ஒரு சொல்லை மட்டும் கண்ணுக்குச் சரியான உயரத்தில் வைத்து முடியுங்கள். அப்புறம் ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்தியபடி பக்கவாட்டில் இழுத்தால் அதே உயரத்தில் நகல் வரும். நகலில் சொல்லை மட்டும் மாற்றுங்கள். எழுத்துகள் நிற்கும் அடிக்கோடு அப்படியே இருப்பதால் மூன்றும் ஒரே வரியில் இருக்கும். பக்கவாட்டு நடுவுக்கு மட்டும் அலைன் கொடுத்தால் வேலை முடிந்தது.

வேறு கணினியில் திறந்ததும் எழுத்து தள்ளிப்போயிருந்தால் முதலில் ஃபான்டைப் பாருங்கள். அந்த ஃபான்ட் அங்கே இல்லையென்றால் மாற்று ஃபான்ட் வந்து அகலமும் உயரமும் மாறியிருக்கும். அதை அலைன் செய்து பயனில்லை, ஃபான்டை நிறுவுவதே தீர்வு.

7. ஒட்டும்போதும் கொண்டுவரும்போதும்

ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றுக்கு லேயரை கன்ட்ரோல் வி கொடுத்து ஒட்டினால் பழைய இடம் நினைவில் இருக்காது. கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றும் சேர்த்து அழுத்தினால் அதே இடத்தில் ஒட்டும். லேயரை இழுத்துக் கொண்டுவருகிறீர்கள் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொள்ளுங்கள். இரண்டு ஃபைலும் ஒரே பிக்சல் அளவில் இருந்தால் அதே இடத்தில் இறங்கும், அளவு வேறு என்றால் நடுவில் இறங்கும். கிம்ப் 2.10-இல் ஒட்டியது மிதக்கும் செலக்ஷனாக நிற்கும். அதைப் புது லேயராக்காமல் அலைன் செய்ய முயன்றால் குழப்பம்தான்.

ஃபைலுக்குள் ‘ப்ளேஸ்’ செய்த படம் அளவு மாறி வருகிறதென்றால், ப்ளேஸ் செய்யும்போது கேன்வாஸுக்கு ஏற்றபடி சுருக்கும் தேர்வு ப்ரிஃபரன்ஸில் இயங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்மார்ட் ஆப்ஜெக்டின் உள்ளே போய்க் கேன்வாஸ் அளவை மாற்றிச் சேமித்தாலும் வெளியே அது நகர்ந்துவிடும். உள்ளே படத்தை மாற்றலாம். கேன்வாஸை மட்டும் தொடாதீர்கள்.

ஃப்ரேம் அனிமேஷன் செய்பவர்களுக்கு ஒரு வரி: ஒரு ஃப்ரேமில் லேயரை நகர்த்தினால் மற்றவற்றிலும் நகர்கிறதா, அல்லது நகர வேண்டியது நகரவில்லையா, லேயர் பேனலின் மேலே உள்ள ‘யூனிஃபை’ ஐகான்களையும் ‘ப்ராபகேட் ஃப்ரேம் 1’ தேர்வையும் பாருங்கள்.

8. புகைப்படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவது

வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்கள், அகலக்காட்சிக்காக எடுத்த படங்கள், முன்-பின் ஒப்பீட்டுப் படங்கள் இவற்றுக்கு அலைன் பட்டன் உதவாது. எடிட் மெனுவில் ‘ஆட்டோ-அலைன் லேயர்ஸ்’ வேண்டும். ஆனால் அதைத் திறக்கும் முன் படங்களின் பிக்சல் அளவு ஒன்றுதானா என்று பாருங்கள். ரா ஃபைலை (கேமரா பதிந்த, பதப்படுத்தாத படத்தை) திறக்கும்போது ஒன்றுக்கு லென்ஸ் திருத்தமோ க்ராப்போ கொடுத்து மற்றதற்குக் கொடுக்காமல் விட்டிருந்தால், ஓரங்கள் ஒருபோதும் பொருந்தாது. நடுவில் சரியாக இருக்கும், மூலைக்குப் போகப் போக விலகும். இந்த அடையாளத்தைப் பார்த்தால் திரும்பிப்போய் எல்லாப் படத்துக்கும் ஒரே திருத்தத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஆட்டோ-அலைன் ஸ்மார்ட் ஆப்ஜெக்டில் வேலை செய்யாது. ராஸ்டர் செய்த (சாதாரணப் பிக்சல் லேயராக்கிய) நகல் ஒன்றை வைத்துச் செய்யுங்கள். எந்தப் படம் அசையக் கூடாதோ அந்த லேயருக்கு முழுப் பூட்டுப் போட்டுவிட்டால் மற்றவை அதற்கு ஏற்ப வளைந்துகொள்ளும். பூட்டாவிட்டால் எது அடிப்படை என்று மென்பொருளே முடிவு செய்யும். ஸ்கேன் செய்த பக்கங்கள், திரைப் பிடிப்புகள் இவற்றுக்கு ‘ரீபொசிஷன்’ போதும், அது படத்தை நீட்டுவதோ சாய்ப்பதோ இல்லை. கையில் பிடித்து எடுத்த படங்களுக்கு ‘ஆட்டோ’. அகலக்காட்சி என்றால் அடுத்தடுத்த படங்கள் 40 சதவீதமாவது ஒன்றோடொன்று மேவியிருக்க வேண்டும்; அதற்குக் குறைந்தால் பொருத்திப் பார்க்கப் போதுமான அடையாளங்கள் கிடைக்காது.

ஆட்டோ-அலைன் கைவிட்டால் கையால் செய்ய ஓர் ஒழுங்கு இருக்கிறது. மேல் லேயரின் ஓபாசிட்டியை 50-க்குக் குறையுங்கள். இரண்டு படத்திலும் தெளிவாகத் தெரியும் ஒரு புள்ளியை, ஜன்னல் மூலை மாதிரி ஒன்றை, எடுத்துக்கொண்டு அதை மட்டும் பொருத்துங்கள். வேறு எதையும் பார்க்காதீர்கள். இப்போது கன்ட்ரோல் டி அழுத்தி, குறிப்புப் புள்ளியை இழுத்து அந்த ஜன்னல் மூலையின் மேலேயே வையுங்கள். இனி சுழற்றினால் அந்த மூலையை ஆணி அடித்தது போலப் படம் அதைச் சுற்றியே திரும்பும். தொலைவில் உள்ள இரண்டாவது புள்ளி ஒரே கோட்டுக்கு வரும்வரை திருப்புங்கள். அளவும் வேறாக இருந்தால் ஆல்ட் அழுத்திக்கொண்டு மூலையை இழுங்கள், அதே ஆணியை மையமாக வைத்தே அளவு மாறும். கடைசியில் டிஃபரன்ஸ் மோடில் சோதியுங்கள். ஒரு புள்ளியைப் பொருத்திவிட்டு இன்னொன்றைப் பொருத்தும்போது முதலாவது விலகிப்போகும் அந்த முடிவில்லாத ஓட்டம் இதோடு நின்றுவிடும்.

எப்படிப் பொருத்தினாலும் பொருந்தாத படங்களும் உண்டு. கேமரா இடம் மாறியிருந்தால் அருகில் உள்ள பொருளும் தொலைவில் உள்ள பொருளும் வெவ்வேறு அளவு நகர்ந்திருக்கும். மேசையைப் பொருத்தினால் பின்சுவர் விலகும், சுவரைப் பொருத்தினால் மேசை விலகும். எந்தத் திருப்பலும் நீட்டலும் இதைத் தீர்க்காது. எந்தப் பொருள் முக்கியமோ அதைப் பொருத்தி, மற்றதை மாஸ்க்கால் ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

9. எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் சரியில்லை

லேயர்கள் திரையில் துள்ளுகின்றன, இழுத்த இடத்தில் நிற்காமல் வேறிடத்தில் தெரிகின்றன, ஆனால் எக்ஸ்போர்ட் செய்த படத்தில் சரியாக இருக்கின்றன என்றால் அது கிராஃபிக்ஸ் சிக்கல். ப்ரிஃபரன்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் கிராஃபிக்ஸ் ப்ராசசரை அணைத்துப் பாருங்கள். தொல்லை நின்றுவிட்டால் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு டூல் மட்டும் விசித்திரமாக நடந்துகொண்டால், மேல்பட்டையில் அதன் ஐகான் மேல் வலது க்ளிக் செய்து ‘ரீசெட் டூல்’ கொடுங்கள். முழு ப்ரிஃபரன்ஸையும் அழிப்பதைக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள், உங்கள் அமைப்புகள் எல்லாமே அதோடு போய்விடும்.

எண்கள் எல்லாம் சரி, டிஃபரன்ஸிலும் சரி, கண்ணுக்கு மட்டும் தவறு என்றால் கண்ணை நம்புங்கள். வட்டத்துக்குள் வீடியோ ப்ளே முக்கோணம் வைத்துப் பாருங்கள். பெட்டிக் கணக்கில் நடுவில் வைத்தால் அது இடப்பக்கம் தள்ளியே தெரியும். முக்கோணத்தின் எடை முழுக்க அதன் அகலமான இடப்பக்கத்தில் இருக்கிறது. 60 பிக்சல் அகல முக்கோணத்துக்குப் பெட்டியின் நடு 30-இல், ஆனால் அதன் ஈர்ப்பு மையம் இடமிருந்து 20-இல். வித்தியாசம் 10 பிக்சல். முதலில் அலைன் பட்டனால் நடுவில் வைத்துவிட்டு, ஷிஃப்ட்டோடு வல அம்புக்குறியை ஒரு முறை தட்டினால் சரியாக 10 பிக்சல் நகரும். அதிகமாகத் தோன்றினால் ஒன்றிரண்டு பிக்சல் பின்னால் வாருங்கள். பிறகு வட்டத்தையும் முக்கோணத்தையும் ஒரே குரூப்புக்குள் போட்டு, குரூப்பையே பிடித்து நகர்த்துங்கள். அப்போது அந்த ஃபைலை அடுத்து யார் திறந்து குரூப்பை அலைன் செய்தாலும் இரண்டும் சேர்ந்தேதான் நகரும். நீங்கள் கண்ணால் பார்த்து வைத்த அந்தப் பத்து பிக்சல் அப்படியே இருக்கும்.